பின்பக்கம் காட்டச் சொன்னவர்

ஒஸ்லோவை அடுத்த ஸ்ட்ரோம்மன் அங்காடியில் ஒரு திரைச்சீலையை விரித்துப் பார்க்கும் எவரும் முதலில் அதன் பூவேலையைப் பார்ப்பார்கள். அவர் பார்ப்பதில்லை. சீலையைப் புரட்டித் தையல் ஓடிய பக்கத்தை வெளிச்சத்துக்குப் பிடித்து, தொங்கும் நூல்களை நகத்தால் நிமிண்டிப் பார்த்த பிறகே முன்பக்கத்துக்கு வருவார். கடைப்பெண் புன்னகை மாறாமல் காத்து நிற்பாள். அவர் பொருட்படுத்த மாட்டார். யாரேனும் புது வீடு வாங்கி விருந்துக்கு அழைத்தால், எல்லோரும் வரவேற்பறையில் அமர்ந்து வீட்டை வியந்துகொண்டிருக்க, அவர் குளிர்சாதனப் பெட்டிக்கும் சுவருக்கும் நடுவில் தலையை நுழைத்தபடி நிற்பார். "இஞ்ச ஈரம் ஊறியிருக்கு," என்று அங்கிருந்து குரல் வரும். அந்த ஒரு வாக்கியத்தில் விருந்தின் மகிழ்ச்சி பாதியாகிவிடும்.

அவருக்குப் பெயர் இருந்தது. ஆனால் ஒஸ்லோவின் வடகிழக்கில் வாழும் எங்கள் ஆட்களுக்கு அவர் மணவறை அன்ரி. திருமணங்களுக்கும் பெண்பிள்ளைகளின் சாமத்தியச் சடங்குகளுக்கும், தூணும் விதானமுமாக நிற்கும் மணவறையை வாடகைக்குக் கொடுத்து, தாமே வந்து பொருத்தி, தாமே கழற்றிக்கொண்டு போவார். தூண்களும் வளைவுகளும் அம்மருட் அடுக்குமாடியின் நிலவறையில், பனிச்சறுக்குக் கட்டைகளுக்கும் பழைய சக்கரங்களுக்கும் இடையே உறங்கும். இது அவருடைய வார இறுதித் தொழில். வார நாட்களிலும் சனிக்கிழமைக் காலைகளிலும் நகர மையத்தின் உயர்ந்த கட்டடம் ஒன்றில், கண்ணாடிச் சுவர்களுக்குள் இயங்கிய அலுவலகங்களைத் துப்புரவு செய்தார். அதே கட்டடத்தின் வேறொரு தளத்தில் என் அம்மாவுக்கும் அதே வேலை. அன்ரி மட்டக்களப்பு, அம்மா யாழ்ப்பாணம். அன்ரி ஒவ்வொரு பேச்சிலும் 'கா' சேர்ப்பதை அம்மா வீட்டில் பேசிக் காட்டிச் சிரிப்பார். ஆனால் மதிய உணவை இருவரும் ஒரே பெட்டியில்தான் உண்பார்கள்.

நான் அப்போது பல்கலைக்கழகத்தில் முதலாண்டு மாணவி. தமிழ்ப் பள்ளி மேடைகளில் ஏறி, விவாதக் கிண்ணங்களை வரிசையாக வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தவள். எனக்கு மூன்று விதமாக மூச்செடுக்கத் தெரியும். எந்த இடத்தில் குரலைத் தாழ்த்தினால் அரங்கு முன்னால் சாயும் என்று தெரியும். எதிரணியின் வாதத்தில் எந்தச் செங்கல்லை உருவினால் சுவர் சரியும் என்றும் தெரியும். அம்மா என்ன வேலை செய்கிறார் என்று யாரேனும் கேட்டால், "ஒரு நிறுவனத்தில்" என்று சொல்லவும் தெரியும். அந்த விடையில் பொய் எதுவும் இல்லை. அதைத் தெரிந்தெடுப்பதும் பயிற்சிதான்.

ஆண்டு விழா விவாதம் ஒன்றில் நான் வென்று திரைக்குப் பின்னால் வந்து நின்றபோதுதான் அன்ரி முதன்முதலில் என்னோடு தனியாகப் பேசினார். மேடையின் பின்பலகை சரியாக அறையப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வந்திருந்தார் போலும்.

"நல்லாக் கதைச்சாய் புள்ள. மற்றப் பக்கத்தில உன்னை விட்டிருந்தா என்ன செய்திருப்பாய்?"

"அந்தப் பக்கத்திலும் வென்றிருப்பேன்," என்றேன். மேடைத் தமிழ் இன்னும் நாக்கிலிருந்து இறங்கியிருக்கவில்லை.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். கண்டிப்பார் என்று எதிர்பார்த்தேன்.

"அப்ப நீதான்கா எனக்கு வேணும்," என்றார்.

தேவை இதுதான். பழைய மணவறை தளர்ந்துவிட்டது. நிலவறையில் தண்ணீர் புகுந்து தூண்களின் அடி உப்பி, பூச்சு செதில் செதிலாகக் கழன்றுகொண்டிருந்தது. வரும் கோடைக்குத் திருமணங்கள் பதிவாகியிருந்தன. தமிழ்நாட்டுத் தொழிற்சாலை ஒன்றிலிருந்து புதிய ஃபைபர் மணவறை வரவழைத்தால் பெரிய மண்டபங்களின் திருமணங்களும் கைக்கு வரும். துப்புரவு வேலையை விட்டுவிட்டு மணவறையாலேயே வாழலாம். முழங்கால் இரண்டும் வீங்கிய ஒருவருக்கு இது ஆசை மட்டுமாக இருக்க முடியாது. ஆனால் சேமித்ததெல்லாம் ஒரே கொள்வனவில் போகும். போய்ப் பார்த்து வாங்க விடுமுறையும் இல்லை, வசதியும் இல்லை. கைபேசிக் காணொளியில்தான் தொழிற்சாலையைப் பார்க்க வேண்டும். அந்த இடத்தில்தான் அவருடைய தமிழ் அவருக்கு எதிராக நின்றது.

"நான் கதைக்கிறது அவனுகளுக்கு விளங்குதில்லகா. 'மேடம், நீங்க கேரளாவா?' எண்டு கேக்கிறானுகள். என்ர தமிழக் கேட்டிட்டுக் கேரளாவாம்! நீ மேடையில கதைக்கிற மாதிரிக் கதை. பயப்பிடுவானுகள்."

அப்படியாக நான் அவருடைய குரலானேன். சனிக்கிழமைக் காலைகளில், ஆளரவமற்ற அந்தக் கட்டடத்தின் மேல் தளக் கூட்ட அறையில் எங்கள் நீதிமன்றம் கூடியது. நீளமான மேசை, சுழலும் நாற்காலிகள், பின்னால் தரை முதல் கூரை வரை கண்ணாடி, கண்ணாடிக்கு அப்பால் துறைமுகமும் கடலும். அன்ரி தம் நீலநிற வேலைச் சட்டைக்கு மேல் ஒரு பட்டுச் சால்வையை மடித்துப் போட்டு, ஊசி குத்தி, கூந்தலை வாரி முடிந்துகொள்வார். மேசைக்கு மேலே அவர் ஒரு நிறுவன உரிமையாளர். மேசைக்குக் கீழே முழங்காலில் தேய்ந்த வேலைக் காற்சட்டையும் இறப்பர் அடிச் சப்பாத்தும். துடைப்பமும் வாளியும் கொண்ட தள்ளுவண்டியைக் கதவுக்கு வெளியே, கைபேசியின் கண் எட்டாத இடத்தில் நிறுத்துவார். முதல் நாள் அதைக் கண்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. இரண்டாம் முறை நானே வண்டியைத் தள்ளி மறைவில் வைத்தேன். கைபேசியை எந்தக் கோணத்தில் சாய்த்தால் கடல் தெரியும், கதவு தெரியாது என்பதையும் நானே கண்டுபிடித்தேன்.

அழைக்கும் நேரத்தை அவரே தெரிவுசெய்வார். அங்கே மதியச் சாப்பாட்டு நேரமாக இருக்க வேண்டும். "பசியோட நிக்கிறவனுக்கு நடிக்க ஏலாது புள்ள," என்பார். முன்கூட்டி அறிவிக்கவும் விடமாட்டார்.

முதலில் அகப்பட்டவர் சொகுசான குரலுடைய ஒரு வியாபாரி. அவர் காட்டிய மணவறை கண்ணைப் பறித்தது. யானைத் தலைகள், மயில்கள், மேலே தாமரை விதானம்.

"எல்லாமே நம்ம ஃபேக்டரி தயாரிப்புதான் மேடம். ஐம்பது பேரு வேலை பாக்கறாங்க."

"தூணின் பின்பக்கத்தைக் காட்ட இயலுமா?" என்று நான் கம்பீரமாகக் கேட்டேன்.

"பின்னாடி ஒண்ணும் இல்ல மேடம். எல்லாம் முன்னாடிதான்."

"ஒண்டுமில்லாததக் காட்டச் சொல்லு," என்று அன்ரி மேசைக்குக் கீழே என் காலைத் தட்டினார்.

வியாபாரி சலிப்போடு கைபேசியைத் தூண்களுக்குப் பின்னால் கொண்டுபோனார். தூணுக்கு அப்பால் ஒரு நீண்ட கூடம். கூடத்தில் வேட்டியை மடித்துக் கட்டிய ஒருவர் வரிசையாக வாழையிலை போட்டுக்கொண்டு போனார். அவருக்குப் பின்னால் இன்னொருவர் உப்பு வைத்துக்கொண்டு வந்தார்.

நான் சொற்களைத் தேடிக்கொண்டிருந்தேன். அன்ரி தேடவில்லை.

"என்ன தம்பி, ஃபேக்டரியில பந்தி நடக்குது? பொண்ணு மாப்பிளை சாப்பிட்டாச்சா?"

அழைப்பு அறுந்தது. அது யாரோ ஒருவர் வீட்டுக் கல்யாணம். யாரோ செய்த மணவறை. அன்ரி சால்வையின் நுனியால் வாயைப் பொத்திக்கொண்டு, சுழல் நாற்காலி சுழலச் சுழலச் சிரித்தார். அன்று என் கூலியில் ஓர் இறைச்சி ரோல்ஸ் கூடுதலாகக் கிடைத்தது. நடந்ததை அவர் வாரக்கணக்காகச் சொல்லித் திரிந்தார். ஒவ்வொரு முறையும் பந்தியில் ஒரு பதார்த்தம் கூடியது.

இந்தக் குணம் எங்கிருந்து வந்தது என்று ஒரு முறை கேட்டேன். அவர் சிரிக்காமல் சொன்னார். "என்னக் கட்டினவர் இஞ்சயிருந்து படம் அனுப்பினவர். சிவப்புக் காரில சாஞ்சு நிக்கிறார். அது ஆர்ர காரோ! வந்து இறங்கினா மனிசனிட்டச் சைக்கிளும் இல்ல. அண்டைக்கு ஒரு வார்த்தை கேட்டிருக்கணும், காருக்குப் பின்னால என்ன இருக்கெண்டு." பிறகு, கணவரைக் குறை சொன்னதாகிவிடுமோ என்று நினைத்தவர் போல, "மனிசன் நல்லவர்தான். படந்தான் பொய்," என்றார்.

அவரோடு வெளியே போகக் கூசிய காலம் எனக்கு உண்டு. திருமண மண்டபங்களில், ஊரே முன்வரிசையில் பட்டு உடுத்தி அமர்ந்திருக்க, இவர் மணவறைக்குப் பின்னால் குனிந்து திருகாணிகளைத் தடவிக்கொண்டிருப்பார். நான் அறிவிப்பாளராக ஒலிவாங்கியோடு முன்னால் நிற்கும்போது விதானத்துக்கு அப்பால் அவருடைய முதுகு அசைவது தெரியும். விருந்தினர் அதைக் காணாமல் இருக்க நான் இரண்டு அடி நகர்ந்து நிற்பேன். அந்தக் கூச்சம் சிறியது. கூச்சம் என்று கூடச் சொல்லத் தகாதது. பெரியது பிறகு வந்தது.

பந்தி வியாபாரிக்குப் பின் இன்னும் சிலர் வந்து விழுந்தார்கள். கோடை நெருங்கியது. ஒரு சனிக்கிழமை, யாரோ கொடுத்த எண்ணை வைத்துக்கொண்டு ஒரு சிறு பட்டறையை அழைத்தோம். கைபேசியை எடுத்தவர் இளம் வயதினர். பேச்சு முழுக்கத் தமிழ்நாட்டுப் பேச்சு.

"வணக்கம் மேடம். சாப்பிட்டுக்கிட்டு இருந்தோம். பரவாயில்ல, சொல்லுங்க."

"தெருவிலிருந்து தொடங்கி, இணைப்பைத் துண்டிக்காமல் பட்டறைக்குள் நடந்து வாருங்கள்," என்றேன். அதுதான் எங்கள் முதற்கட்டளை. அவர் கை கழுவிவிட்டு வந்து நடந்தார். மண் பாதை, தகரக் கூரை, வெயில். உள்ளே அச்சுகள், பிசின் உறைந்து மஞ்சளாகிய வாளிகள், பாதி மெருகேறிய ஒரு வளைவு. தூண் ஒன்றைத் திருப்பிக் காட்டச் சொன்னோம். திருப்பினார். கண்ணாடி இழைகள் வெள்ளையாக, முரடாக, ஒளிவுமறைவின்றித் தெரிந்தன. தட்டிக் காட்டச் சொன்னோம். தட்டினார். ஏறி நிற்கச் சொன்னோம். செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி நின்றார். அன்ரியின் முகம் மெல்ல மெல்ல இளகுவதை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன்.

அப்போது அவர் பின்னால் திரும்பி யாருக்கோ சொன்னார்: "அந்த லைட்டப் போடு."

"ஓம், போடுறன்," என்றது ஒரு பெண்குரல்.

ஆமாம் என்பதற்கு எங்கள் ஊர்களில் சொல்லும் அந்த 'ஓம்' எங்கள் கூட்ட அறைக்குள் வந்து விழுந்தது. அன்ரி மேசையைப் பிடித்துக்கொண்டு முன்னால் சாய்ந்தார்.

"தம்பி, உங்கட வீட்டுக்காரி எந்த ஊர்?"

அவர் தூணிலிருந்து இறங்கிச் செருப்பை மாட்டினார். பிறகு அந்த இளைஞரின் தமிழ் வேறாயிற்று. "ரெண்டு பேரும் திருகோணமலப் பக்கம் அக்கா. அம்மா அப்பாவோட சின்னனில வந்தது. இஞ்ச முகாமில வளந்தம். அந்தத் தமிழில கதைச்சா ஓடர் தர யோசிக்கினம். அதுதான்..."

இனிக் கேள்விகள் இருக்காது என்று நினைத்தேன். எங்கள் ஆள், எங்கள் 'ஓம்'. வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்தில் மனம் கசிந்து முன்பணம் அனுப்பியிருப்பார்கள். நானே ஒரு நெகிழ்ச்சியான முடிவுரையை மனதுக்குள் கோத்துக்கொண்டிருந்தேன். அன்ரி என் காலைத் தட்டினார்.

"பின்னால ஒரு சீல தொங்குது. அதுக்குப் பின்னால என்ன எண்டு கேள்."

"அன்ரி, வேண்டாமே," என்றேன்.

"கேள் புள்ள."

கேட்டேன். செம்மையாக, இலக்கணம் பிசகாமல், குரலைச் சரியான இடத்தில் தாழ்த்திக் கேட்டேன். அங்கே கணவரும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர். மனைவியே முன்வந்து சீலையை ஒதுக்கினார். அதற்குப் பின்னால் அவர்களுடைய வீடு இருந்தது. ஒரு அடுப்பு. கொடியில் குழந்தையின் துணிகள். மூடி பாதி திறந்திருந்த சோற்றுப் பானை. பாயில் ஒரு குழந்தை உறங்கிக்கொண்டிருந்தது. அந்தப் பெண் குனிந்து, பாய்க்குப் பக்கத்தில் கிடந்த எச்சில் தட்டைக் காலால் மெதுவாகத் தள்ளி மறைத்தார். தோளில் சேலையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

என் உடல் முழுவதும் கூசியது. ஓர் அந்நியர் வீட்டின் சமையல் மூலைக்குள், கடலைப் பின்னணியாக வைத்துக்கொண்டு, கால் மேல் கால் போட்டு அமர்ந்திருந்தோம்.

ஆனால் அந்தப் பெண் நிமிர்ந்தபோது சிரித்துக்கொண்டிருந்தார். "பாருங்க அக்கா, இவ்வளவுதான். வேற ஒண்டும் ஒளிக்கல்ல." பிறகு கைபேசியைக் கணவரிடமிருந்து வாங்கி, முகத்துக்கு அருகில் வைத்துக்கொண்டார். "நாங்க எல்லாத்தையும் காட்டிட்டம். உங்கட இடத்தையும் ஒருக்காக் காட்டுங்களன். நோர்வேயில எங்கட ஆக்கள் எப்பிடி ஒபிஸ் வச்சிருக்கினம் எண்டு பாக்க ஆசையா இருக்கு."

சவால் விடும் தொனி அதில் இல்லை. இருந்திருந்தால் எனக்குப் பதில் தெரிந்திருக்கும். அந்தக் குரலில் இருந்தது பெருமிதம். எங்களைப் பற்றிய பெருமிதம்.

 ஊரில் எவர் வீட்டுச் சுவரையும் தட்டிப் பார்த்தவர், எவர் வீட்டுச் சீலையையும் புரட்டிப் பார்த்த அன்ரி, தம் சால்வையின் ஊசியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பிறகு கைபேசியை என் கையிலிருந்து எடுத்து, இருந்த இடத்திலிருந்தபடியே, மெதுவாகக் கண்ணாடிச் சுவரின் பக்கம் திருப்பினார். துறைமுகம். வெள்ளைக் கப்பல். கடலில் வெயில்.

"இதுதான் புள்ள," என்றார்.

அங்கே இரண்டு குரல்கள் ஒன்றாக வியந்தன. "ஐயோ அக்கா, கடலே தெரியுதே!"

அந்த நேரத்தில்தான் கதவு திறந்தது. என் அம்மா. தம் தளத்து வேலை முடிந்து, எங்கள் வண்டியையும் சேர்த்து எடுத்துப் போக வந்திருந்தார். வண்டிச் சக்கரம் வாசற்படியில் இடித்துக் கடகடத்தது. அன்ரி திடுக்கிட்டுத் திரும்பியதில் கைபேசியும் திரும்பியது. ஒரு கணம் நீலச் சட்டைக் கையொன்றும், மஞ்சள் கையுறையும், வாளியின் விளிம்பும் அதற்குள் அகப்பட்டிருக்க வேண்டும். உடனே அதைக் கூரைக்கு உயர்த்தினார்.

"ஆரக்கா அது?" என்றார் அந்தப் பெண்.

"அது..." என்றார் அன்ரி. அவர் குரல் எனக்குத் தெரிந்த குரலாக இல்லை. "அது இஞ்ச துடைக்கிற ஆள்."

அம்மா வாயைத் திறந்திருந்தார். 'என்னடி, முடிஞ்சுதே?' என்று கேட்க வந்த வாய் அது. அவர் அன்ரியைப் பார்த்தார். சால்வையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அதற்கு மேல் அவருக்கு யாரும் எதையும் விளக்கத் தேவைப்படவில்லை. அந்நியர் அறைக்குள் தவறி நுழைந்துவிட்டவர் நோர்வேஜியத்தில் சொல்வது போல, "உன்ஷில்" என்று மெல்லிய குரலில் மன்னிப்புக் கேட்டார். வண்டியைச் சத்தமில்லாமல் பின்னால் இழுத்து, கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

"பாருங்களன், எவ்வளவு மரியாதை," என்றது கைபேசி. "வெள்ளக்கார அம்மாவா அக்கா?"

அன்ரி மறுபடி சால்வையின் ஊசியைத் தொட்டார். விடை சொல்ல வேண்டிய குரல் நான். மூன்று விதமாக மூச்செடுக்கத் தெரிந்த நான், அன்று ஒரு விதத்திலும் எடுக்கவில்லை.

அன்ரி அவர்களிடமே கொள்வனவை உறுதி செய்தார். பேரம் பேசவில்லை, அதுவே அவர் வாழ்க்கையில் புதுமை. அதற்குப் பிறகு அந்தப் பெண் காணொளியில் அழைக்கும் போதெல்லாம், "இஞ்ச இணைப்புச் சரியில்ல தங்கச்சி," என்று சொல்லிக் குரலால் மட்டுமே பேசினார். என்னையும் கூட்ட அறைக்கு அழைக்கவில்லை. அந்தச் சனிக்கிழமை மாலை வீட்டில் அம்மா எதையும் கேட்கவில்லை. சோறு போட்டார். "மனிசி பாவம். அந்த நேரத்தில வேற என்னத்தைச் சொல்லுறது," என்று மட்டும் சொன்னார். மறுவாரமும் இருவரும் ஒரே பெட்டியில்தான் உண்டார்கள் என்று அறிந்தேன். அன்ரி நண்டுக்கறி கொண்டுவந்தாராம். சதையை எல்லாம் அம்மாவின் பக்கமே ஒதுக்கினாராம். "இண்டைக்கு உமக்கு வயித்துக்குள்ள என்ன பிரச்சினை?" என்று அம்மா கேட்டாராம்.

மணவறை மரப்பெட்டிகளில் வந்து சேர்ந்தது. முதல் திருமணம் ஸ்ட்ரோம்மன் பக்கத்தில் ஒரு பெரிய மண்டபத்தில். அறிவிப்பாளர் நான். காலையிலேயே பட்டுடுத்தி, உரையை ஒத்திகை பார்த்தபடி போய்ச் சேர்ந்தேன். தூண்களை நிமிர்த்தும் பையன்கள் வேலையை விட்டுவிட்டு ஒரு பக்கமாகக் கூடி நின்றார்கள்.

"அன்ரி, இஞ்சை வந்து பாருங்கோ. பின்னுக்கும் பூசியிருக்கினம்!"

உண்மை. எந்த மணவறையிலும் வெள்ளை இழையும் திருகாணியுமாக விட்டுவிடும் பின்பக்கத்தை, அவர்கள் முன்பக்கம் போலவே தேய்த்து, மெருகிட்டு, பொன்னிறம் பூசியிருந்தார்கள். அதோடும் விடவில்லை. விருந்தினர் எவரும் காணப்போகாத அந்தப் பக்கத்தின் அடியில் தாமரை மொட்டுகளைச் செதுக்கியிருந்தார்கள்.

"லூசுகளோ? ஆர் பாக்கப் போகினம்?" என்றான் ஒருவன்.

அன்ரி தூணைத் தட்டவில்லை. திருகாணியைத் தடவவில்லை. மொட்டு ஒன்றின் மேல் கையை வைத்தார். வைத்த கையை எடுக்கச் சிறிது நேரமாயிற்று. வழக்கமாக அங்கே தொங்கவிடும் மறைப்புச் சீலையைப் பையன்கள் கொண்டுவந்தபோது, "அது வேணாம்," என்றார்.

திருமணம் நல்லபடியாக நடந்தது. என் வரவேற்புரைக்கு இரண்டு முறை கைதட்டல் கிடைத்தது. தாலி கட்டி முடிந்து, ஆசி கூற மக்கள் வரிசையில் நின்ற வேளையில், நான் தண்ணீர் குடிக்க மணவறைக்குப் பின்னால் போனேன். அன்ரி அங்கே நின்றார். பட்டுச் சேலைக்கு மேல் வேலைக்குரிய மேலங்கி. பக்கத்தில் என் அம்மா, உதவிக்கு வந்தவர், உதிர்ந்த பூவையும் காகிதத் தட்டுகளையும் கறுப்புப் பையொன்றில் சேர்த்துக்கொண்டிருந்தார். அன்ரியின் கைபேசி அலறியது. இந்த முறை அவர் காணொளியை ஏற்றார். ஏற்காமல் இருக்க முடியாது. செய்தவர்கள் பார்க்க வேண்டுமே.

கைபேசியின் கண்ணை வெளிப்புறமாகப் பிடித்து, ஓரமாக நின்று முன்பக்கத்தைக் காட்டினார். மணமக்கள், விளக்குகள், கூட்டம். அங்கே மகிழ்ச்சி ஆரவாரம். பிறகு அந்தப் பெண் குறும்பாகச் சொன்னார்:

"அக்கா, பின்பக்கம் காட்டுங்க!"

அன்ரி சிரித்தார். காட்டினார். ஒவ்வொரு தூணாக, ஒவ்வொரு மொட்டாக.

"நீங்க கட்டாயம் பின்னால வந்து பாப்பீங்க எண்டு தெரியும். அதுதான் உங்களுக்கெண்டு அந்தப் பூவ வெட்டினது. எங்க, உங்களக் காணல்ல அக்கா? உங்கட ஒபிஸ் ஆக்களும் வந்திருக்கினமா? அண்டைக்கு மன்னிப்புக் கேட்டிட்டுப் போனாவே, அந்த வெள்ளக்கார அம்மா, அவவும் வந்தவவா?"

என் அம்மா நிமிர்ந்தார். மூன்றடி தூரத்தில் நின்றார்.

"ஓம்," என்றார் அன்ரி. "வந்திருக்கா."

"காட்டுங்களன் அக்கா! ஒருக்கா வணக்கம் சொல்லுவம்."

அம்மா கறுப்புப் பையைக் கீழே வைத்தார். சேலைத் தலைப்பில் கையைத் துடைத்தார். நெற்றியில் ஒட்டிய முடியை ஒதுக்கிவிட்டு, ஓரடி முன்னால் வந்து நின்றார். ஆயத்தமாக நின்றார். அவருக்கு அதில் ஒரு தயக்கமும் இருக்கவில்லை. கைபேசியைத் திருப்ப வேண்டியதுதான் மிச்சம்.

அன்ரியின் பெருவிரல் கைபேசித் திரையின் மேல் நின்றது. அவர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் அனுமதி கேட்டாரா, உதவி கேட்டாரா என்று இன்றுவரை நான் என்னோடு வாதிட்டுக்கொண்டிருக்கிறேன். நான் தண்ணீர்க் குவளையைப் பார்த்தேன்.

"இஞ்ச வெளிச்சம் காணாது தங்கச்சி," என்றார் அன்ரி. அழைப்பைத் துண்டித்தார்.

மண்டபம் முழுவதும் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. பொன் பூசிய பின்பக்கம் கண் கூச மின்னியது.

அந்தக் கோடைக்குப் பிறகு அவர் துப்புரவு வேலையை விட்டார்; சில ஆண்டுகளில் மணவறையை விற்றுவிட்டு மகளோடு இருக்க ஸ்டவாங்கருக்குப் போனார். அங்கேயும் யாரோ ஒருவரின் குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னால் ஈரம் கண்டுபிடித்தார் என்று அம்மா சிரித்துக்கொண்டே சொன்னார். நானும் சிரித்தேன். ஆனால் அவரை நினைக்கும்போதெல்லாம் நான் திரும்பிப் போய் நிற்கும் இடம் அந்தப் பின்பக்கம்தான். அன்று அழைப்பு அறுந்ததும், அம்மா ஒன்றும் நடவாதது போலக் குனிந்து பையை மீண்டும் எடுத்தார். அன்ரி மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். இருவரும் சேர்ந்து அதன் வாயைக் கட்டினார்கள். நானும் ஒரு கை கொடுத்திருக்கலாம்.

முன்னாலிருந்து ஒலிபெருக்கியில் என் பெயரை அழைத்தார்கள். நான் சேலை மடிப்பைச் சரிசெய்துகொண்டு முன்பக்கத்துக்குப் போனேன். "அன்பு நிறைந்த அவையோரே," என்று தொடங்கினேன். என் குரல் எங்கும் தடுமாறவில்லை.